வகுப்புத் தோழரின் சுய அறிமுகத்தை அலசுவது எப்படி? ஆசிரியர்களின் அனுபவப் பகிர்வு

பினாங்கு, படிவம் ஆறு (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பு) ஆசிரியர்:

தோழர் தன்னைப் பற்றி என்ன கூற்று வைக்கிறார், அதற்கு என்ன சான்று தருகிறார் என்று அலசுவதுதான் இந்தப் பயிற்சி. இதில் பிள்ளைகள் பெரும்பாலும் தோழர் சொன்னதையே சுருக்கி எழுதித் தந்துவிடுகிறார்கள். "இவர் பட்டர்வொர்த்தில் வளர்ந்தவர், பூப்பந்து ஆடுவார், பொறுப்பானவர்." முதல் இரண்டும் தகவல். அவற்றை யாரும் மறுக்கப் போவதில்லை. மூன்றாவதுதான் கூற்று. "அப்படியா, எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்று கேட்க இடமிருந்தால் அது கூற்று. இந்த ஒரு சோதனை போதும்.

அடிக்கடி வரும் ஒரு வகை இது: "தைப்பூசத்துக்கு மூன்று வருடமாகத் தண்ணீர்ப் பந்தலில் சேவை செய்கிறேன். அதனால் யாரோடும் சேர்ந்து வேலை செய்ய எனக்கு வரும்." சேர்ந்து வேலை செய்ய வரும் என்பது கூற்று, பந்தல் சேவை சான்று. இரண்டையும் இணைக்கும் எண்ணம் வாயால் சொல்லப்படவில்லை: பந்தலில் நிற்பவர் கூட்ட நெரிசலில், மற்ற தொண்டர்களோடு முறை மாற்றி மணிக்கணக்கில் உழைத்தாக வேண்டும். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறிப் பழகிய பிள்ளைக்கு அது சொல்லாமலே விளங்கும். பந்தலுக்குள் கால் வைக்காத மலாய், சீனத் தோழருக்கு விளங்காமல் போகலாம். அதே சான்று ஒருவரிடம் எடுபடும், இன்னொருவரிடம் எடுபடாது. ஆகவே கேட்பவர் யார் என்பதையும் பகுப்பாய்வில் எழுதச் சொல்லுங்கள். "யாரோடும்" என்ற சொல்லையும் விட்டுவிடக் கூடாது. ஒரே பந்தல், பெரும்பாலும் அதே தொண்டர்கள். அந்தச் சான்று "யாரோடும்" வரைக்கும் எட்டாது.

கோலாலம்பூர், செந்தூல் ஆசிரியை:

ஐயா சொன்ன அந்தச் சொல்லாத இணைப்பில்தான் முழு விஷயமும் இருக்கிறது. தத்துவ அறிஞர் ஸ்டீபன் தூல்மின் 1958இல் வகுத்த முறையில் ஆறு கூறுகள் உண்டு: கூற்று, சான்று, இணைப்பு, இணைப்புக்கு ஆதாரம், உறுதியின் அளவு, விதிவிலக்கு. சுய அறிமுகத்துக்கு ஆறும் வேண்டாம். முதல் மூன்றோடு உறுதியின் அளவு ("எப்போதும்", "ஓரளவு" போன்ற சொற்கள்) சேர்ந்தால் போதும். தமிழ் இலக்கியம் எடுக்கும் பிள்ளைகளுக்கு மணிமேகலையின் பக்கம் (நிறுவ வேண்டியது), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு) வழியாகச் சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். மலையில் நெருப்பு உண்டு, புகை தெரிவதால், அடுக்களையைப் போல. புகைக்கும் நெருப்புக்கும் உள்ள உறவை அங்கே அடுக்களை காட்டிவிடுகிறது. நம் பிள்ளைகளின் அறிமுகங்களில் காணாமல் போவது அந்த அடுக்களைதான்.

செய்முறை: அறிமுகத்தை இரட்டை வரி இடைவெளியில் அச்சடித்துக் கொடுங்கள். கூற்றுக்குச் சிவப்புக் கோடு, சான்றுக்கு நீலம். சிவப்பு மட்டும் இருந்தால் அது வெறும் கூற்று. நீலம் மட்டும் இருக்கும் இடத்தைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். "பள்ளி முடிந்ததும் அப்பாவின் கடையில் ஏழு மணிவரை நிற்பேன்" என்று ஒருவர் சொல்லி நிறுத்திக்கொண்டால், உழைப்பாளி என்ற கூற்றைக் கேட்பவரே போட்டுக்கொள்ள விட்டிருக்கிறார். வலுவான இடங்கள் பல சமயம் இவைதான்.

பிறகு ஓரத்தில் "பொதுவாக, இதைச் செய்கிறவர் இப்படிப்பட்டவர்" என்ற வடிவில் ஒரு வாக்கியம் எழுத வேண்டும். "நான் சாரணர் இயக்கச் செயலாளர், எனக்குத் தலைமைத்துவம் உண்டு" என்பதற்கு அந்த வாக்கியம்: "பொதுவாக, செயலாளராக இருப்பவர் பிறரை வழிநடத்துவார்." எழுதிப் பார்த்ததுமே இடிக்கிறது. செயலாளர் கூட்டக் குறிப்பு எழுதுவார், கடிதம் அனுப்புவார். அந்தச் சான்று ஒழுங்கைக் காட்டும், தலைமையைக் காட்டாது. இணைப்பை எழுத்தில் போடாத மாணவர் இதைக் கண்டுபிடிக்கவே மாட்டார்.

பிரிக்பீல்ட்ஸ், பயிற்றுநர்:

"மாநில அளவில் வென்றேன்" என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பினாங்கில் ஐந்து மாவட்டங்கள். கோலாலம்பூரோ கூட்டரசுப் பிரதேசம், மாநிலமே இல்லை. ஆகவே "மாநில அளவு" என்பதன் பொருள் இடத்துக்கு இடம் மாறும். எந்தப் போட்டி, எந்த ஆண்டு, தனியாகவா குழுவாகவா என்று தெரியாமல் அந்தச் சான்றை எடை போட முடியாது.

இன்னொன்று, மொழி நடை. "இவர் மிகைப்படுத்துகிறார்" என்று எழுதினால் அது ஆளைப் பற்றிய தீர்ப்பு. வகுப்பில் மனக்கசப்புதான் மிஞ்சும். "இந்தச் சான்று ஒழுங்கை நிறுவுகிறது, தலைமையை நிறுவவில்லை" என்று எழுதினால் அது பனுவலைப் பற்றியது. எல்லா இடத்திலும் "கூறுகிறார்" போடாமல், சான்று இருந்தால் "நிறுவுகிறார்", இல்லையென்றால் "அறிவிக்கிறார்", கேட்பவரிடம் விட்டால் "உணர்த்துகிறார்" என்று வினையை மாற்றச் சொல்லுங்கள். பகுப்பாய்வில் பாதி அந்த வினைச்சொல்லிலேயே வந்துவிடும்.

செந்தூல் ஆசிரியை:

ஆமாம் சார். தாளை ஒப்படைக்கும் முன் தோழரிடமே ஒரு கேள்வி கேட்கவும் அனுமதிக்கலாம்: "செயலாளரா இருந்தப்போ நீ என்னென்ன செஞ்ச?" பதிலில் புதிய சான்று கிடைத்தால் தனிப் பத்தியில் எழுதட்டும். அறிமுகத்தில் இல்லாததை இருந்ததுபோல் உள்ளே நுழைத்தால் மதிப்பெண் குறைக்க வேண்டும்.