குறைந்த செலவில் ஸ்னோகேட் ஸ்கீயிங்: பவுடருக்கு எங்கே போகலாம்?

வேளச்சேரி_ஸ்கீ:
நாங்கள் நாலு பேர், எல்லாரும் சென்னை. குல்மார்க்கில் கொண்டோலா (கேபிள் கார்) இரண்டாம் கட்டத்திலிருந்து பவுடரில் (இறுகாத புதுப்பனியில்) ஸ்கீ செய்து இறங்கும் அளவுக்குப் பழக்கம் உண்டு. பிப்ரவரியில் ஸ்னோகேட் (சங்கிலிப்பட்டையில் ஓடும் பனி வண்டி மலைமேல் ஏற்றிவிட, அங்கிருந்து ஸ்கீயில் இறங்குவது) போக ஆசை. விமானம் உட்பட ஆளுக்கு இரண்டரை லட்சத்துக்குள் முடியவேண்டும். ஜார்ஜியாவா, ஜப்பானா? பணம் கட்டும் முன் என்னென்ன கேட்கணும்?

தூள்பனி:
ஒரு நாள் ரேட்டைப் பார்த்து முடிவெடுக்காதீங்க. மொத்தச் செலவை, நிஜமாக ஸ்னோகேட்டில் ஏறப்போகும் நாள்களால் வகுத்துப் பாருங்க. ஏழு நாள் பேக்கேஜில் போகிற நாளும் திரும்புகிற நாளும் கழிந்தால் ஐந்து. காற்று ஒரு நாளைத் தின்றால் நான்கு.

ஜார்ஜியாவில் பக்மாரோ, கோடெர்ட்ஸி இரண்டும் கருங்கடல் ஈரக்காற்று மலையில் மோதி ஏறும் இடங்கள். பனி கொட்டும். பக்மாரோவுக்குக் குளிர்காலத்தில் ரோடு மூடிவிடும், ஊருக்குள் போவதே ஸ்னோகேட்டில்தான். அதனால் தங்குமிடம், சாப்பாடு, ஸ்னோகேட் எல்லாம் ஒரே விலையில் வரும், கணக்குப் போட சுலபம். குறை என்னவென்றால் உயரம் சுமார் 2,000 மீட்டர்தான், கடலும் பக்கம். இரண்டு நாள் வெயில் ஏறினாலே தெற்குச் சரிவில் மேல்பனி உருகி, இரவில் ஓடுபோல இறுகிவிடும். பிப்ரவரி கடைசிக்குத் தள்ளாதீங்க.

ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவில் சைபீரியக் குளிர்காற்று ஜப்பான் கடலைத் தாண்டி வருவதால் பனி இலேசாக விழும். அங்குள்ள ஸ்கீ இடமான நிசேகோவில் ஒரு சீசனுக்குச் சராசரியாகப் பதினைந்து மீட்டர். ஆனால் ஆறு நாளும் ஸ்னோகேட் என்றால் உங்கள் பட்ஜெட் தாங்காது. நிசேகோவின் ஹனசோனோ பக்கம் ஒரு நாள் ஸ்னோகேட், மீதி நாள் சாதாரண ஸ்கீ லிஃப்ட் என்று பிரித்துக்கொள்ளலாம். ஸ்னோகேட் ரத்தானாலும் லிஃப்ட் இருக்கும், நாள் வீணாகாது.

கனடாவை இந்தத் தடவை விட்டுடுங்க. 1975இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில்தான் இந்தத் தொழிலே தொடங்கியது, பனியும் அருமை. ஆனால் பெரும்பாலும் லாட்ஜோடு சேர்த்துப் பல நாளாக விற்பார்கள், சென்னையிலிருந்து டிக்கெட்டே பாதிப் பணத்தை விழுங்கும்.

ஸ்னோகேட் நாள்கள் அதிகம் வேணும்னா ஜார்ஜியா. நல்ல பவுடர்தான் முக்கியம்னா ஹொக்கைடோ, ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி முதல் வாரத்துக்குள்.

மலைச்சரிவு:
தூள்பனி சொன்ன கணக்கு சரி. அதோடு இதையும் கேளுங்க: மரம் இருக்கா? புயல் நாளில் மேலே வெட்டவெளியில் தரைக்கும் வானத்துக்கும் வித்தியாசமே தெரியாது. மரங்களுக்கு நடுவே இறங்கினால்தான் கண்ணுக்குப் பிடிமானம். புதுப்பனி கொட்டும் நாளில் மரம் இல்லாத இடத்தில் கேபினுக்குள் உட்கார்ந்து காபி குடிக்கவேண்டியதுதான்.

ஒரு வண்டியில் பெரும்பாலும் பன்னிரண்டு பேர். நீங்கள் நாலு பேர், மீதி எட்டுப் பேர் யாரென்று தெரியாது. வேகம் குறைந்தவர் எப்படியோ அப்படித்தான் அன்றைய ஓட்டங்களின் எண்ணிக்கை. திறமையை வைத்துக் குழு பிரிப்பாங்களா, சீட் நிரம்பாவிட்டால் ரத்து செய்வாங்களா என்று எழுத்தில் வாங்குங்க. வானிலையால் நின்றால் பணம் திரும்புமா, அடுத்த வருஷத்துக்குக் கிரெடிட்டா? சென்னையிலிருந்து போகிறவங்களுக்குக் கிரெடிட்டால் பயனே இல்லை.

பனிச்சரிவில் புதைந்தவரைத் தேடி மீட்கும் பீக்கன் (சிக்னல் கருவி), ஷவல், ப்ரோப் (குத்திப் பார்க்கும் நீளக் கம்பி) விலையில் அடங்குமா என்றும் கேளுங்க. அகல ஸ்கீ அங்கேயே வாடகைக்கு எடுங்க, ஸ்கீயின் இடுப்பு (நடுப்பகுதி) அகலம் 105 மில்லிமீட்டருக்குக் குறையாமல். ஆழப் பனியில் கழன்ற ஸ்கீயைத் தேடியே அரை மணி போகும், பைண்டிங்கில் (பூட்ஸை ஸ்கீயோடு பிணைக்கும் பிடியில்) நீள ரிப்பன் கட்டிக்கோங்க.

வேளச்சேரி_ஸ்கீ:
ரொம்ப நன்றி. பனிச்சரிவில் சிக்கினால் ஊதி மேலே நிறுத்தும் ஏர்பேக் பை சொந்தமாக இருக்கு, காற்றுச் சிலிண்டர் மாடல். எடுத்துப் போகலாமா?

தூள்பனி:
ஏர்லைனின் முன் அனுமதி இல்லாமல் வேண்டாம். அனுமதிக் கடிதம் இருந்தாலும் செக்யூரிட்டியில் நிறுத்தி விளக்கம் கேட்க வாய்ப்புண்டு, அச்செடுத்துக் கையில் வைங்க. பேட்டரி ஃபேன் மாடல்னா தொல்லை குறைவு, பேட்டரியைக் கைப்பையில் போடுங்க. பூட்ஸை மட்டும் சொந்தமாகக் கொண்டுபோங்க, அதுவும் கேபின் பையில். லக்கேஜ் தவறினால் ஸ்கீ வாடகைக்குக் கிடைக்கும், காலுக்குப் பழகிய பூட்ஸ் கிடைக்காது.

இன்ஷூரன்ஸ் வாங்கும்போது விலக்குப் பட்டியலை வரிவரியாகப் படிங்க. நிறைய பாலிசிகளில் தடத்துக்கு வெளியே ஸ்கீ செய்வது சேராது. ஹெலிகாப்டர் மீட்பும் எழுத்தில் இருக்கணும்.