50 நைட்ரஸ் அடித்து மூன்றாவது பிஸ்டன் உடைந்துவிட்டது, திரும்பக் கட்டுவதற்கு முன் ஆலோசனை வேண்டும்

பரந்தன்சந்தி:
வணக்கம். நான் பரந்தன் பக்கம் ஒரு சின்ன கராஜில் வேலை. பகலில் லாண்ட்மாஸ்டர், ஓட்டோ, மோட்டார் சைக்கிள் எல்லாம் செய்வேன், பின்னேரத்தில் என்னுடைய காரைக் கட்டுவேன். கார் ஏஈ92 கொரோலா, எஞ்சின் 4ஏ-ஜீஈ 16 வால்வு, ஏழு றிப் பிளாக். போன வருடம் முழுதாகக் கழற்றி புது றிங், புது பெயரிங், புது கஸ்கெட் போட்டேன். பிஸ்டன் பழைய கம்பனிப் பிஸ்டன்தான். எட்டு மாதம் ஒரு சொட்டு ஓயில் குடிக்கவில்லை. அதன் பிறகு பாவித்த நைட்ரஸ் வெட் கிட் ஒன்று (எஞ்சினுக்குள் நைட்ரஸ் ஒக்சைட் வாயுவையும் கூடுதல் பெற்றோலையும் சேர்த்து அடிப்பது) வாங்கி, 50 குதிரைவலு கூட்டும் ஜெட் (அளவுத் துளை) போட்டுப் பூட்டினேன்.

போன ஞாயிறு மத்தியானம் ரோட்டில் மூன்று முறை அடித்துப் பார்த்தேன். முதல் இரண்டும் திறமாகப் போனது. மூன்றாவதில் 5000 ஆர்பிஎம் தாண்டும்போது "டப்" என்றொரு சத்தம், பின்னால் நீலப் புகை, டிப்ஸ்டிக் குழாயால் ஓயில் வெளியே தள்ளியது. கொம்பிரெஷன் பார்த்தால் 1, 2, 4 மூன்றும் 175 பீஎஸ்ஐக்கு (அழுத்த அளவு) மேலே, மூன்றாவது 55. கழற்றினேன், மேல் றிங்குக்கும் இரண்டாவது றிங்குக்கும் நடுவிலிருக்கும் வரம்பு ஒரு விரல் நீளத்துக்கு உடைந்து கிடக்கிறது. 50 என்பது சின்ன அளவு, ஒன்றும் ஆகாது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். போர்ஜ் பிஸ்டன் (வார்க்காமல் அழுத்தி அடித்துச் செய்தது) போட்டால் சரிவருமா? இன்னொரு முறை உடைந்தால் என்னால் தாங்க முடியாது.

வவுனியாலேத்:
தம்பி, பிஸ்டன் வாங்கும் கதையைக் கொஞ்சம் நிறுத்துங்கள். உடைந்த பிஸ்டனின் மேல் றிங்கை எடுத்து அதன் இரண்டு நுனியையும் வெளிச்சத்தில் பாருங்கள். மூன்றாவது பிளக்கின் வெள்ளைப் பீங்கானையும் பூதக்கண்ணாடியால் பாருங்கள். றிங் கேப் (றிங்கின் இரண்டு நுனிக்கும் நடுவில் விடும் இடைவெளி) எவ்வளவு வைத்தீர்கள், ரைமிங் (பிளக் பொறி விடும் நேரம்) எவ்வளவு, போத்தல் எங்கே பூட்டியிருந்தது, அழுத்தம் எவ்வளவு இருந்தது, எல்லாம் சொல்லுங்கள்.

பரந்தன்சந்தி:
அண்ணை, றிங் நுனி இரண்டும் கண்ணாடி மாதிரி மினுங்குகிறது. பீங்கானில் மிளகுத்தூள் தூவினது போல சின்னச் சின்னப் புள்ளி, சிலது வெள்ளியாக மினுங்குது. றிங் பெட்டியில் வந்தபடியே போட்டேன், கேப் அளக்கவில்லை. இப்போது முதலாவது சிலிண்டரில் அளந்தேன், 0.28 மி.மீ. ரைமிங் வழமையான 10 பாகை. பிளக் ஆறாம் நம்பர், பிளக் கேப் 1.1 மி.மீ. போத்தல் டிக்கிக்குள், கார் காலை பதினொன்றிலிருந்து வெயிலில் நின்றது. அழுத்தக் கேஜ் இல்லை.

வவுனியாலேத்:
சரி, இப்போது விளங்குகிறது. உங்களுக்கு இரண்டு பிழை ஒன்றாக நடந்திருக்கிறது.

முதலாவது போத்தல். நைட்ரஸ் போத்தலுக்குள் திரவமாக இருக்கிறது, அதன் அழுத்தத்தைத் தீர்மானிப்பது சூடுதான். 20 பாகை செல்சியஸில் ஏறக்குறைய 735 பீஎஸ்ஐ, 30 பாகையில் 915 அளவு. 36.4 பாகை தாண்டினால் திரவம் என்றே ஒன்று இராது, அழுத்தம் 1050க்கு மேலே ஏறிக்கொண்டே போகும். எங்கள் ஊர் வெயிலில் மூடின டிக்கி அந்த 36ஐ எப்பவோ தாண்டியிருக்கும். உங்கள் ஜெட் 900 - 950க்குக் கணக்குப் பண்ணினது. அழுத்தம் அதற்கு மேலே நிற்கும்போது நைட்ரஸ் கணக்கில் நிற்காது, கூட ஓடும், ஆனால் பெற்றோல் ஜெட் அதே அளவுதானே. அப்படியென்றால் ஒட்சிசன் கூட, பெற்றோல் காணாது. நைட்ரஸின் எடையில் 36 சதவீதம் ஒட்சிசன், காற்றில் 23 தான். சிலிண்டருக்குள் 300 பாகைக்கு மேலே அது பிரிந்து ஒட்சிசனை விடும். பெற்றோல் குறைந்தால் அந்த நெருப்பு அலுமினியத்தைத்தான் தின்னும். பீங்கானில் நீங்கள் பார்த்த வெள்ளிப் புள்ளி உங்கள் பிஸ்டனில் இருந்து வந்தது. வெட் கிட்டில் ஒற்றை நொசில் என்றால் பெற்றோல் நாலு சிலிண்டருக்கும் சமமாகப் போகாது, மூன்றாவது மட்டும் போனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், இன்ஜெக்டரையும் சோதியுங்கள்.

இரண்டாவது றிங். மேல் றிங்தான் நெருப்புக்குப் பக்கத்தில் நிற்கிறது. சூடேறி நீளும்போது கேப் மூடி நுனியோடு நுனி முட்டினால், அதற்குப் பிறகு நீள இடமில்லை, சுவரை இறுக்கும், பிஸ்டனோ மேலே கீழே இழுக்கும், வரம்பு வெடிக்கும். நுனி மினுங்குவது அந்த முட்டின அடையாளம். சாதாரண ஓட்டத்துக்கு 0.28 காணும், அதனால்தான் எட்டு மாதம் ஒன்றும் தெரியவில்லை. நைட்ரஸுக்கு போர் அளவை (சிலிண்டரின் உள்விட்டம்) 0.006 ஆல் பெருக்கித் தொடங்குங்கள். உங்கள் 81 மி.மீ. போருக்கு 0.49 அளவு வரும். றிங் கம்பனி வேறு அளவு தந்தால் அதையே எடுங்கள்.

அளக்கும்போது றிங்கை போருக்குள் வைத்து, பிஸ்டனைத் தலைகீழாக விட்டு ஒரு அங்குலம் நேராகத் தள்ளி, பீலர் கேஜால் அளக்க வேண்டும். ஒவ்வொரு றிங்கும் அது நிற்கப்போகும் சிலிண்டரிலேயே. அராவும்போது ஒரு நுனியை மட்டும் அராவுங்கள், வெளிப்பக்கத்திலிருந்து உள்ளே, ஒரே திசையில். பிசிர் இருந்தால் சுவரைக் கீறிவிடும், கல்லால் தொட்டு எடுங்கள்.

கிழவன்_மெக்கானிக்:
நான் புதுக்குடியிருப்பு. கொம்பியூட்டர் ரியூனிங் எனக்குத் தெரியாது, ஆனால் தட்டல் சத்தம் (எரிபொருள் ஒழுங்கில்லாமல் வெடிக்கும் சத்தம்) தெரியும். போர்க்காலப் பொருளாதாரத் தடைக்காலத்தில் பெற்றோல் இல்லாமல் ஏ40 காரையும் எம்டி 90 மோட்டார் சைக்கிளையும் மண்ணெண்ணெயில் ஓட்டினோம். காபரேற்றருக்குள் ரெண்டு சொட்டுப் பெற்றோல் விட்டுப் பற்றவைத்து, சூடேறினதும் எண்ணெய்க்கு மாற்றுவோம். மேட்டில் ஏறும்போது தகரப்பேணிக்குள் சல்லிக்கல்லைப் போட்டுக் குலுக்கினது போலக் கேட்கும், கேட்டவுடனே காலை எடுக்கவேணும், எடுக்காதவனின் பிஸ்டன் ஓட்டையானதைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். ரைமிங்கைப் பின்னுக்கு வைத்து, இரண்டு கஸ்கெட் போட்டுக் கொம்பிரெஷன் குறைத்துத்தான் அந்த எஞ்சினுகளைக் காப்பாற்றினோம். பிள்ளை, நீர் ரைமிங் குறைக்காமல் அடித்திருக்கிறீர். உங்களுடைய சைலன்சர் சத்தத்தில் தட்டல் கேட்டிருக்காது, பாவம்.

வவுனியாலேத்:
ஐயா சொன்னது நூற்றுக்கு நூறு. 50 குதிரைவலுவுக்கு இரண்டு பாகையாவது குறைக்க வேணும். உங்கள் எஞ்சினில் டிஸ்ரிபியூட்டரைத் திருப்பலாம், ஆனால் சோதனைப் பெட்டியிலுள்ள டீஈ1, ஈ1 முனை இரண்டையும் இணைத்துவிட்டு ரைமிங் லைட் பிடியுங்கள், இல்லாவிட்டால் பார்க்கிற அளவு பிழை. 10ஐ 8 ஆக்குங்கள். பிளக் ஒரு நம்பர் குளிரானது, என்ஜீகே என்றால் ஏழு. பிளக் கேப் 0.8. பெற்றோல் 95 ஒக்ரேன் மட்டும்.

ஒஸ்லோக்காரன்:
நான் முள்ளியவளை, இப்ப நோர்வே. இங்கே நண்பர்களோடு றேஸ் கார் கட்டுகிறேன். போத்தலைப் பற்றிச் சொல்ல வேணும், எஞ்சின் போனால் காசு, போத்தல் போனால் உயிர். எரிவாயு அடுப்பாலோ ரோர்ச்சாலோ ஒருநாளும் சூடாக்கக் கூடாது. வால்விலும் பொருத்திலும் ஓயில், கிறீஸ் படக்கூடாது. வெடித்தட்டின் (அழுத்தம் மிஞ்சினால் உடைந்து வாயுவை வெளியேற்றும் தட்டு) குழாய் காருக்கு வெளியே போக வேணும், டிக்கிக்குள்ளே விட்டால் கசிவில் மூச்சுத் திணறும். நிரப்பும்போது தராசில் வைத்து நிறைப்படி நிரப்புங்கள், பத்து இறாத்தல் போத்தலுக்குப் பத்து இறாத்தல், ஒரு துளி கூட வேண்டாம், வெயிலில் விரிய இடம் வேண்டும்.

அதோடு மூன்று ஸ்விட்ச் இல்லாமல் திரும்ப அடிக்காதீர்கள். திரொட்டில் முழுதும் திறந்தால் மட்டும் வேலை செய்கிறது ஒன்று, 3000 ஆர்பிஎம்முக்குக் கீழேயும் கட்-ஓஃபுக்கு (எஞ்சினின் உச்ச ஆர்பிஎம்) கிட்டவும் நிறுத்துகிறது ஒன்று, பெற்றோல் அழுத்தம் விழுந்தால் உடனே வெட்டுகிறது ஒன்று. பெற்றோல் பம்ப் பழையது என்றால் அதையும் மாற்றுங்கள்.

ரோட்டில் அடித்தீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து இனி வேண்டாம். எங்கள் பக்கத்து ரோட்டில் இரவில் மாடு படுத்திருக்கும், அறுவடைக்கு நெல் காயும், பள்ளிக்கூடப் பிள்ளை சைக்கிளில் வரும். களுத்துறைப் பக்கம் கட்டுகுருந்த விமான ஓடுபாதையில் றேஸ் நடக்கிற நாளுக்குக் கொண்டுபோங்கள்.

பரந்தன்சந்தி:
ரோட்டு விசயத்தில் நான் செய்தது பிழை, ஒத்துக்கொள்கிறேன், இனி இல்லை. பிஸ்டன் என்ன செய்யலாம்? இரண்டாவது றிங்குக்கும் அதே 0.49 ஆ?

வவுனியாலேத்:
இரண்டாவதைக் கொஞ்சம் கூட வையுங்கள், 0.52 - 0.55. மேலே இருந்து கசியும் அழுத்தம் இரண்டுக்கும் நடுவில் தேங்கினால் மேல் றிங்கைத் தூக்கிவிடும். பிஸ்டன் போர்ஜ் போட்டால் நல்லதுதான், 2618 அலுமினியக் கலவை இழுபட்டு நெளியும், கம்பனிப் பிஸ்டன் போலத் துண்டாக உடையாது. ஆனால் கூட விரியும், சுவரோடு இடைவெளி கூட வேணும், காலையில் குளிரில் பிஸ்டன் சுவரில் தட்டிச் சத்தம் வரும், பயப்படாதீர்கள். மூன்றாவது சுவரில் நகம் மாட்டும் கீறல் இருந்தால் நாலையும் 81.5க்கு போர் பண்ணுங்கள், அப்போது கேப்பையும் 81.5க்குக் கணக்குப் பாருங்கள். கொனெக்ரிங் ரொட் கம்பனியுடையதே காணும், போல்ட் மட்டும் புதிது. காசு குறைவு என்றால் முதலில் போத்தல் கேஜும் பெற்றோல் அழுத்தக் கேஜும் வாங்குங்கள், பிஸ்டன் அடுத்த மாதம் வாங்கலாம்.

பரந்தன்சந்தி:
சரி அண்ணை. சுவரில் நகம் மாட்டுது, பிளாக்கை வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வவுனியாவுக்கு ஏற்றுகிறேன். இன்றைக்குக் கேஜ் ஒன்று இரவல் வாங்கிப் போத்தலில் பூட்டிப் பார்த்தேன். வேப்பமர நிழலில் காலை ஏழரைக்கு 840. அதே போத்தலை ஒரு மணிக்கு வெயிலில் கொஞ்ச நேரம் வைத்தேன், 1100 தாண்டினவுடனே தூக்கி நிழலுக்குக் கொண்டுவந்து ஈரச்சாக்கு போட்டேன்.