மறு: இசைத்தட்டின் குரூவுக்குத் தமிழ் – ‘ஒலிச்சால்’

ஐயா, நண்பர்களே, வணக்கம். இசைத்தட்டில் ஊசி ஓடும் பள்ளமான ‘குரூவ்’ (groove) என்பதற்கு நம் கையேட்டில் எந்தத் தமிழ்ச் சொல் வைப்பது என்ற பேச்சில் ஐயா எழுதியது:

> வரிப்பள்ளம் என்றே வைத்துக்கொள்ளலாமே. படித்தால் புரிகிறதல்லவா?

புரிகிறது ஐயா. ஆனால் நாம் எழுதுவது பழைய ரெக்கார்டுகளை வீட்டில் கழுவும் முறை. அதில் முதல் விதியே பிரஷ் எந்தப் பக்கம் போகவேண்டும் என்பதுதான். வரிப்பள்ளம் என்றால் தட்டு முழுக்கத் தனித்தனி வட்டங்கள் இருப்பதாகத் தோன்றிவிடும். உண்மையில் ஒரு பக்கத்துக்கு ஒரே கோடுதான். விளிம்பில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி உள்ளே போகிறது. 20 நிமிடம் ஓடும் எல்பி (நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்றும் தட்டு) பக்கத்தில் ஏறக்குறைய 667 சுற்று. நீட்டிவைத்தால் 400 மீட்டரைத் தாண்டும்.

உழவுசால் அப்படித்தானே விழுகிறது? வரப்போரம் பிடித்த ஏர் வளைந்து வளைந்து நடுவயலுக்கு வரும். அதனால் ‘ஒலிச்சால்’ என்கிறேன். சாலுக்கு அடியும் உண்டு, இரு கரையும் உண்டு. ஸ்டீரியோ தட்டில் உட்கரையில் இடது ஒலி, வெளிக்கரையில் வலது ஒலி. ஊசி கரைகளைத் தொட்டபடி ஓடும், அழுக்கு சாலடியில் தங்கும். ‘சாலோடு தேய்க்கவும், குறுக்கே தேய்க்க வேண்டாம்’ என்று எழுதினால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

புதுச்சேரியில் காந்தி வீதி ஞாயிறு சந்தையில் வாங்கும் தட்டுகளைக் கழுவும்போது இந்தச் சொல் எனக்கு மிகவும் உதவுகிறது. கடற்காற்றின் ஈரத்தில் காகித உறைக்குள்ளேயே வெண்பூஞ்சை திட்டுத்திட்டாகப் பிடித்திருக்கும். சால் அகலம் ஒரு தலைமுடிப் பருமன்கூட வராது. பருத்தித் துணி மேலே வழுக்கிக்கொண்டு போய்விடும். மிக மெல்லிய இழை பிரஷ்தான் உள்ளே இறங்கும். வாலை வடிநீரில் (டிஸ்டில்டு வாட்டர்) பாத்திரம் கழுவும் திரவம் ஓரிரு சொட்டு விட்டு, நடு லேபிள் நனையாமல், சாலோடு மெல்லச் சுற்றவேண்டும். கொஞ்ச நேரத்தில் இழை நுனியில் சாம்பல் நிறப் பசை திரண்டு வரும். அதைப் பார்த்தால்தான் எனக்கு நிம்மதி. அப்புறம் வாலை வடிநீரிலேயே அலசி, நிழலில் நிமிர்த்தி உலர்த்தலாம். வெயில் வேண்டவே வேண்டாம், தட்டு நெளிந்துவிடும். நம் ஊர் போர்வெல் தண்ணீரும் வேண்டாம். உலர்ந்ததும் உப்பு சாலிலேயே படியும், கரகரப்பு இன்னும் கூடும்.

மற்றச் சொற்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ‘காடி’ நல்ல தச்சுச் சொல். ஆனால் அது பலகை செருக நேராக இழைப்பது. புளித்த காடியும் நினைவுக்கு வருகிறது. ‘தவாளிப்பு’ ஈழத்துப் பாடநூல் வழக்கு, எனக்குப் பிடித்த சொல்தான். நம் பக்கத்து வாசகருக்குப் பழக்கமில்லை என்பது மட்டுமே தயக்கம். ‘இசைச்சால்’ வேண்டாம், நம் வீடுகளில் கதைவசன ரெக்கார்டுகளும் நிறைய இருக்கின்றனவே. சால் என்றால் நீர் இறைக்கும் சாலும்தானே என்று கேட்கலாம். ‘ஒலி’ சேர்ந்ததும் அந்தக் குழப்பம் போய்விடுகிறது.

ஊசி முதலில் இறங்கும் இடம் ‘நுழைசால்’, பாட்டு முடிந்து வெளியேறும் இடம் ‘விடுசால்’. கடைசியில் ஊசி அதே இடத்தில் சுற்றும் வட்டத்துக்குப் ‘பூட்டுச்சால்’ பொருந்துமா? அதை மட்டும் ஐயா சொல்லவேண்டும்.

நிமிடத்துக்கு 78 முறை சுற்றும், அரக்கால் ஆன பழைய தட்டுக்கு ‘அரக்குத் தட்டு’ என்பதை எல்லோரும் ஏற்றுவிட்டோம். அந்தப் பெயரை வினைலோடு (எல்பி போன்ற பிளாஸ்டிக் தட்டுகள்) கலக்காமல் கையேடு முழுக்கப் பிடித்துக்கொள்வோம். ஆல்கஹால் பட்டால் அரக்கு கரையும். வினைலுக்குச் சிலர் ஊற்றும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கலவையை யாராவது தவறி அதில் ஊற்றினால் பாட்டே போய்விடும். இந்த எச்சரிக்கையை முதல் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் போடுகிறேன். மறுப்பு வராவிட்டால் ஞாயிற்றுக்கிழமை வரைவில் எல்லா இடத்திலும் ‘ஒலிச்சால்’ என்று மாற்றி அனுப்புகிறேன்.