பேட்மேன் சர்ஃபிங் எபிசோட் பார்த்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன்

ஆடம் வெஸ்ட் நடித்த பழைய பேட்மேன் தொடரில், 1967இல் வந்த அந்த சர்ஃபிங் எபிசோடைப் பார்த்திருக்கிறீர்களா? ஜோக்கரோடு போட்டி. முழு உடுப்புக்கு மேலேயே நீச்சல் டிராயரை மாட்டிக்கொண்டு அலையில் நிற்கிறார் மனிதர்! சுறாவை விரட்ட ஸ்பிரே வேறு. ஜோக்கராக வரும் சீசர் ரொமேரோ மீசையை எடுக்க மறுத்து, அதன்மேலேயே வெள்ளைச் சாயம் பூசிக்கொண்டவர். க்ளோசப்பில் மீசை நன்றாகவே தெரியும்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தம்பியோ, முதல் சீசனில் இருந்த நக்கல் இதில் இல்லை, சும்மா ஒப்பேற்றியிருக்கிறார்கள் என்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை பசங்களுக்கு ஒன்றே ஒன்று போட்டுக் காட்டவேண்டும். இதைப் போடலாமா, நடிகர் வின்சென்ட் பிரைஸ் முட்டைத்தலை வில்லனாக வரும் எபிசோடைப் போடலாமா? அது இரண்டு பாகம், அவ்வளவு நேரம் உட்காருவார்களா? பேட்கேர்ள் இருப்பதால் மகளின் ஓட்டு சர்ஃபிங்குக்குத்தான்.