எட்டு வயதுக் கைக்கு எலக்ட்ரிக் கிட்டார்: அளவைக் குறைத்தால் மட்டும் போதுமா?

அம்பத்தூர் பட்டறை:

அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் சிறிய மரவேலைப் பட்டறை வைத்திருக்கிறேன். பிள்ளைகளுக்கென்று ஒரு நல்ல எலக்ட்ரிக் கிட்டாரைச் செய்து பார்ப்பது என்று இறங்கியிருக்கிறேன். என்னை இதில் இறக்கிவிட்டது மகளுக்கு ஆன்லைனில் வாங்கிய ஒரு ஜூனியர் கிட்டார். வண்ணம் என்னவோ பளபளக்கிறது. கழுத்தின் ஓரமாக உள்ளங்கையை ஓட்டினால் குறுக்கே பதித்திருக்கும் பிரெட் கம்பிகளின் முனைகள் தோலைக் கீறுகின்றன. கழுத்தின் தலைப்பக்க முனையில் தந்திகளைத் தாங்கும் நட்டில் தந்திக்கான பள்ளத்தை ஒழுங்காக வெட்டவே இல்லை. முதல் பிரெட்டில் அழுத்தினால் எனக்கே விரல் வலிக்கிறது. இதில்தான் எட்டு வயதுக் குழந்தை பல தந்திகளைச் சேர்த்து அழுத்தும் எஃப் கார்டு பிடிக்க வேண்டுமாம்.

என் திட்டம் இதுதான். நட்டிலிருந்து, உடலில் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ்வரை தந்தியின் நீளம் 22.75 அங்குலம், அதாவது 578 மி.மீ. பெரியவர்கள் வாசிக்கும் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் இது 25.5 அங்குலம், 648 மி.மீ. நட்டிலிருந்து நான்காவது பிரெட் வரை விரல் நீள வேண்டிய தூரம் அதில் 134 மி.மீ., இதில் 119. எடை இரண்டரைக் கிலோவுக்குள் நிற்க வேண்டும். தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் ஒன்றே ஒன்று, ஒரே வால்யூம் குமிழ், சுருதியை ஆட்டும் ட்ரெமலோ நெம்புகோல் கிடையாது. அப்படி மிச்சமாகும் பணத்தைத் தந்தியை முறுக்கும் கீ, பிரிட்ஜ், பிரெட் மூன்றிலும் போடுவேன். குறை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

தி.நகர் வாத்தியார்:

கேட்டதால் சொல்கிறேன் சார், இது வேண்டாத வேலை. ஏழெட்டு வயதில் வகுப்புக்கு வருகிற பிள்ளைக்கு முக்கால் அளவு நைலான் தந்திக் கிட்டார் போதும். பத்து, பதினொரு வயதில் 24 அங்குல எலக்ட்ரிக் கிட்டாருக்கு நேராகப் போய்விடலாம். நடுவில் ஒரு குட்டிக் கிட்டார் எதற்கு? ஃபெண்டர் நிறுவனம் 1956இல் மாணவர்களுக்கென்றே மியூசிக்மாஸ்டர், டியோ-சோனிக் என்று இரண்டு கிட்டார்களை 22.5 அங்குலத்தில் கொண்டுவந்தது. 1964இல் மஸ்டாங் வந்தபோது 24 அங்குலமும் சேர்ந்துகொண்டது. இன்று மஸ்டாங் என்றாலே 24 அங்குலம்தான். மாணவர் கிட்டாராகப் பிறந்த அது நிர்வாணா ராக் குழுவின் கர்ட் கோபேன் கைவரைக்கும் போனது. 22.5 ஏன் பின்தங்கிப் போனது என்று யோசித்தீர்களா?

இன்னொன்று. பெரிய கிட்டாரின் இரண்டாவது பிரெட்டில், எல்லாத் தந்திகளையும் ஒன்றாக அழுத்திப் பிடிக்கும் கேபோ என்ற கவ்வியை மாட்டுங்கள். மிச்சம் இருக்கும் தந்தி 22.72 அங்குலம். உங்கள் குட்டிக் கிட்டாருக்கும் இதற்கும் ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை. ஆறு தந்திகளையும் இரண்டு அரைச்சுரம் இறக்கிவிட்டால் சுருதியும் சரியாகிவிடும். ஒரு கேபோவில் முடிகிற காரியத்துக்கு மரம் அறுப்பானேன்?

அம்பத்தூர் பட்டறை:

கணக்கு சரி சார். ஆனால் கேபோ தந்தியைத்தான் சுருக்கும், கிட்டாரின் மூன்றரைக் கிலோ எடையைச் சுருக்காது. பெரிய கிட்டாரை மடியில் வைத்தால் மகளின் வலது தோள் காதுவரை ஏறிவிடுகிறது. முழங்கை விளிம்பைத் தாண்டி வர முடியாமல், பிக் பிடித்த கை பிரிட்ஜுக்கு மேலேயே நின்றுவிடுகிறது. தந்தியின் நடுப்பகுதிக்கு அது வருவதே இல்லை. வளர்கிற பிள்ளை என்று சட்டையை இரண்டு அளவு பெரிதாகத் தைத்தால் கையை மடித்துவிடலாம். கிட்டாரை எங்கே மடிப்பது?

நைலான் கிட்டாரின் கழுத்து அகலம். முக்கால் அளவிலும் அந்த அகலம் பெரிதாகக் குறைவதில்லை. எலக்ட்ரிக் கழுத்து ஒடுக்கமானது, தந்தியும் மெல்லியது. சின்னக் கைக்கு இதுதான் சுலபம் என்பது என் எண்ணம்.

குட்டிக் கிட்டாரை எல்லோரும் பொம்மை என்று ஒதுக்குவதற்குக் காரணம் வேறு. நீளத்தைக் குறைத்தால் இழுவை அதன் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். 009 என்கிற, 0.009 அங்குலத் தடிமனுள்ள மெல்லிய தந்தி பெரிய கிட்டாரில் ஏறத்தாழ 6 கிலோ இழுவையில் நிற்கிறது. அதே தந்தி, அதே சுருதி, 22.75 அங்குலம் என்றால் 4.8 கிலோதான். தொளதொளத்துப் போகிறது. நீங்கள் சொல்லும் கேபோ ஏற்பாட்டிலும் இதேதான் நடக்கும். 010 போட்டால் 5.9 கிலோவுக்கு வந்துவிடுகிறது. தீர்ந்தது பிரச்சினை.

அடையாறு அலைவரிசை:

தீரவில்லை ஐயா. பாதிதான் தீர்ந்திருக்கிறது.

தந்தியைப் பிரெட்டில் அழுத்தும்போது அது இழுபட்டுச் சற்றே நீள்கிறது, சுருதி ஏறுகிறது. எவ்வளவு ஏறும் என்பதைத் தீர்மானிப்பது மொத்த இழுவை அல்ல. இழுவையைத் தந்தியின் குறுக்குவெட்டுப் பரப்பால் வகுத்தால் வருகிற எண்தான் அதைத் தீர்மானிக்கிறது. தடித்த தந்தி போட்டால் இழுவையும் பரப்பும் ஒரே விகிதத்தில் கூடும். வகுத்துப் பார்த்தால் குட்டிக் கிட்டாரில் 009க்கு வந்த அதே குறைந்த எண்ணே வரும்; எண் குறைந்தால் சுருதி அதிகம் ஏறும். ஆகவே 010 போட்ட குட்டிக் கிட்டார் விரலுக்குப் பெரிய கிட்டார் போல இருக்கும், காதுக்கு இருக்காது. தடித்த தந்தி விரலைக் கொஞ்சம் எதிர்ப்பதால் பிள்ளை அளவுக்கு மீறி அழுத்துவது குறையலாம், அவ்வளவுதான் லாபம். (கம்பி சுற்றிய தந்திகளில் உள்கம்பியை வைத்துக் கணக்குப் போட வேண்டும், அந்த வம்பு இப்போது வேண்டாம்.)

பிரெட் உயரமாக இருந்தால் இது இன்னும் மோசமாகும். பிள்ளைகள் பயத்தில் இறுக்கி அழுத்துவார்கள். தந்தி பிரெட்டுக்குப் பின்னால் மரத்தை நோக்கி மேலும் இறங்கும். மூன்று விரலால் பிடித்த கார்டில் மூன்று தந்திகளும் மூன்று அளவில் விலகி நிற்கும். கடையில் 12ஆவது பிரெட்டில் சுருதி பார்த்து, பிரிட்ஜில் தந்தி உட்காரும் சேடிலை நகர்த்தித் தருவார்கள். பிள்ளை வாசிப்பதோ முதல் மூன்று பிரெட்டில். அங்கே ஒலியைக் கெடுப்பது நட்டின் உயரம்.

எனவே பிரெட் தாழ்வாகவும் ஒல்லியாகவும் இருக்கட்டும். நட்டைப் பார்க்க எளிய வழி உண்டு: மூன்றாவது பிரெட்டில் தந்தியை அழுத்திப் பிடித்துக்கொண்டு முதல் பிரெட்டுக்கு மேலே பாருங்கள். ஒரு தாள் நுழையும் இடைவெளி போதும். அதைவிடப் பெரிதாகத் தெரிந்தால் பள்ளத்தை இன்னும் அராவ வேண்டும். உங்கள் மகளின் கிட்டாரில் இதை இன்றைக்கே பார்க்கலாம், புதிதாக எதையும் செய்யத் தேவையில்லை.

கொட்டிவாக்கம் அப்பா:

நீங்கள் எல்லோரும் இசைக்காரர்கள். நான் காசு கொடுக்கிற கட்சி. என் மகன் கீபோர்டு, செஸ், நீச்சல் எல்லாம் தொட்டுவிட்டு இப்போது கிட்டாரில் நிற்கிறான். எத்தனை நாள் நிற்பான் என்று அவனுக்கே தெரியாது. இரண்டு ஆண்டில் சின்னதாகிப்போகும் கருவிக்கு நல்ல விலை கொடு என்றால் எப்படி? லூக் என்று மூன்று தந்திக் கிட்டார் ஒன்று இருக்கிறதே, அந்த மாதிரி எளிமையாக ஒன்று செய்தால் ஆகாதா?

தி.நகர் வாத்தியார்:

மூன்று தந்தியில் தொடங்கினால் ஆறு தந்திக்கு வரும்போது வலது கை மறுபடி முதலிலிருந்து கற்க வேண்டும். என் ஓட்டு அதற்கு இல்லை. ஆனால் விலையைப் பற்றி இந்த அப்பா கேட்பது நியாயமான கேள்வி. பட்டறைக்காரர் பதில் சொல்லட்டும்.

மயிலாப்பூர் வயலின்:

நான் வயலின் ஆசிரியை. கிட்டார் எனக்குத் தெரியாது, பிள்ளைகளைத் தெரியும். ஏழு வயதுப் பெண்ணிடம் முழு அளவு வயலினை யாராவது கொடுப்பார்களா? அரை, முக்கால் என்று படிப்படியாகத்தான் போகிறோம். சிறிய வயலினின் ஒலி கொஞ்சம் மெலிந்துதான் இருக்கும், அதை ஏற்றுக்கொள்கிறோம். ஆனால் தந்தியை முறுக்கும் பிரடை நிற்காமல் நழுவுகிற வயலினை ஏற்பதில்லை. அந்த வயதில்தான் காது சுருதியைப் பழகுகிறது, அப்போது கையில் இருப்பது பொய் சொல்லக் கூடாது.

கொட்டிவாக்கத்துக்காரருக்கு ஒரு வார்த்தை: எங்களிடம் அரை வயலின் யார் வீட்டிலும் தூங்குவதில்லை. ஒரு பிள்ளை வளர்ந்ததும் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். நல்ல கருவியாக இருந்தால்தான் அப்படிக் கைமாறும். மட்டமானதை இலவசமாகக் கொடுத்தாலும் யாரும் வாங்க மாட்டார்கள்.

தி.நகர் வாத்தியார்:

மேடம், வயலினில் கையை நீட்டித்தான் தீர வேண்டும், வேறு வழி இல்லை. கிட்டாரில் ஐந்தாவது பிரெட்டிலிருந்து சொல்லிக்கொடுத்தால் தூரம் தானாகக் குறைகிறது. நான் அப்படித்தான் தொடங்கி வைக்கிறேன். நட்டிலிருந்தே அளந்தாலும் 24 அங்குலத்தில் நான்காவது பிரெட் வரை தூரம் 126 மி.மீ. பட்டறைக்காரர் சொல்வதைவிட 7 மி.மீ.தான் அதிகம். இந்த 7 மி.மீ.க்காகவா இத்தனை பேச்சு?

பெரம்பூர் பேஸ்:

வாத்தியார் அண்ணா, எட்டு வயதுச் சுண்டுவிரலுக்கு 7 மி.மீ. சின்ன விஷயமில்லை. அந்த விரல் பிரெட்டுக்குப் பக்கத்தில் விழுமா, பாதி வழியில் விழுந்து கரகரக்குமா என்பது அதில்தான் இருக்கிறது.

மாண்டலின் ஸ்ரீநிவாஸை விட்டுவிட்டு இந்த ஊரில் இந்தப் பேச்சைப் பேசலாமா? 1981 டிசம்பர் சீசனில் அவர் சென்னையில் வாசித்தபோது பன்னிரண்டு வயதுப் பையன். அவர் பெயர் பெற்றது எலக்ட்ரிக் மாண்டலினில், அதுவும் ஐந்து ஒற்றைத் தந்திகளோடு. மாண்டலினில் தந்தி 14 அங்குலத்தை ஒட்டித்தான் இருக்கும். அது ஏன் தொளதொளப்பதில்லை? நீளம் குறைந்த அளவுக்குச் சுருதி மேலே நிற்கிறது. நாம் மட்டும் நீளத்தைக் குறைத்துவிட்டுச் சுருதியைக் கீழேயே பிடித்துவைக்கிறோம். 19.1 அங்குலத்தில் செய்து ஐந்து அரைச்சுரம் ஏற்றிக் கட்டினால், அதே 009 தந்தி பெரிய கிட்டாரில் இருக்கும் அதே இழுவையில் நிற்கும். அடையாறு சொன்ன அந்த வகுத்த எண்ணும் பெரிய கிட்டாரில் வருவதேதான். யமஹாவின் கிட்டாலேலே நைலானில் இந்தச் சுருதியில்தான் இருக்கிறது.

தி.நகர் வாத்தியார்:

வகுப்பில் பத்துப் பிள்ளைகள் ஒரே பாட்டை வாசிக்கும்போது ஒருத்தி மட்டும் ஐந்து அரைச்சுரம் மேலே நின்றால் அவளுக்கு மட்டும் தனியாக எழுதிக் கொடுப்பது யார்? நீங்கள் வருவீர்களா தம்பி? தனியாக வாசிக்க அது அருமையான கருவி. கூட்டத்தோடு வாசிக்க ஆகாது.

பெரம்பூர் பேஸ்:

சரி, அதை விட்டுவிடுகிறேன். மரத்தைப் பற்றி ஒன்று. எடை குறைய மலைவேம்பு பார்த்தீர்களா? பிளைவுட்டுக்காக நம் ஊரிலேயே வளர்க்கிறார்கள். ஆனால் உடல் லேசானால் ஸ்ட்ராப்பில் தொங்கும்போது தலைப்பக்கம் கீழே சாயும். பிள்ளை இடது கையால் கழுத்தைத் தாங்கிக்கொண்டே வாசிக்க வேண்டியிருக்கும், அது எடையைவிடப் பெரிய தொல்லை. மேல் கொம்பை 12ஆவது பிரெட்வரை நீட்டி ஸ்ட்ராப் குமிழை அங்கே வையுங்கள். தலையைச் சின்னதாக்கி லேசான கீ போடுங்கள். நம் வீடுகளில் பாதிப் பிளக்கில் எர்த் கிடையாது, அதனால் இரைச்சலைக் குறைக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்பான ஹம்பக்கர் போட்டு உள்ளே காப்பர் டேப் ஒட்டிவிடுங்கள். இரைச்சல் முழுவதும் போகாது, தாங்கிக்கொள்ளும் அளவுக்குக் குறையும்.

அம்பத்தூர் பட்டறை:

மலைவேம்புப் பலகை ஒன்று ஏற்கெனவே காய்ந்துகொண்டிருக்கிறது. தாழ்ந்த பிரெட், நட்டு இரண்டையும் குறித்துக்கொண்டேன்.

விலைக் கேள்விக்கு வருகிறேன். கழுத்தைத் திருகாணியில் பூட்டப்போகிறேன். 22.75 அங்குலக் கழுத்தில் 20 பிரெட் வைத்தால், கடைசிப் பிரெட்டிலிருந்து பிரிட்ஜ்வரை 182.0 மி.மீ. வருகிறது. வாத்தியார் விரும்பும் 24 அங்குலக் கழுத்தில் 21 பிரெட் வைத்தால் 181.2. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை, சேடிலை நகர்த்தினால் சரியாகிவிடும். அதாவது ஒரே உடல், ஒரே பிரிட்ஜ், ஒரே பிக்கப். எட்டு வயதில் சிறிய கழுத்து, பதினொன்றில் அதைக் கழற்றிவிட்டு 24 அங்குலக் கழுத்து. சிறிய கழுத்து மயிலாப்பூர் மேடம் சொன்னபடி அடுத்த பிள்ளைக்குப் போகட்டும்.

தி.நகர் வாத்தியார்:

நீண்ட கழுத்து மாட்டினால் தலை இன்னும் சாயுமே. எட்டு வயதுக்கு அறுத்த உடலைப் பதினொரு வயதுப் பையன் தோளில் மாட்ட வெட்கப்பட மாட்டானா?

அம்பத்தூர் பட்டறை:

அதற்குத்தான் அட்டையில் மூன்று வடிவம் வெட்டி வைத்திருக்கிறேன். சனிக்கிழமை உங்கள் வகுப்புக்குக் கொண்டுவருகிறேன் சார். எட்டு வயதிலிருந்து பன்னிரண்டுவரை வரிசையாக மாட்டிப் பார்ப்போம். எந்த வடிவத்தைப் பெரிய பையன்கள் கூச்சமில்லாமல் மாட்டிக்கொள்கிறார்களோ அதை அறுக்கிறேன்.

தி.நகர் வாத்தியார்:

வாருங்கள், காலை வகுப்பில் சின்னப் பிள்ளைகள் இருப்பார்கள். ஆனால் 24 அங்குலக் கழுத்தையும் அட்டையில் வெட்டிக்கொண்டு வர வேண்டும். அதை எட்டு வயதுக் கையில் முதலில் நான்தான் கொடுப்பேன்.

கொட்டிவாக்கம் அப்பா:

இரண்டாவது கழுத்தின் விலையையும் அந்த அட்டையிலேயே எழுதிக் கொண்டுவாருங்கள்.