ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் பேஸ்பால் அணி, ஏப்ரல் 2024, 7 வெற்றி 19 தோல்வி: இந்த சீசன் இனி தேறுமா?

ஆரஞ்சுத்தொப்பி:
சிகாகோ கப்ஸ் அணியிடம் மூன்று ஆட்டமும் போய்விட்டது, 26 ஆட்டத்தில் 7 வெற்றிதான். 2017 முதல் 2023 வரை ஒரு வருடம்கூட விடாமல் அமெரிக்கன் லீக் இறுதித் தொடருக்குப் போன அணி, சொந்த மைதானத்தில் நியூயார்க் யாங்கீஸிடம் நான்கு ஆட்டத்தையும் தோற்று சீசனைத் தொடங்கும் என்று யார் நினைத்தோம்? கடைசி இன்னிங்ஸில் பந்து வீசி வெற்றியைக் காக்க வேண்டிய ஹேடருக்கு ஐந்து வருடத்துக்கு 9.5 கோடி டாலர், ஆனாலும் கடைசி இன்னிங்ஸ்களில் ஆட்டம் கை நழுவுகிறது. ஹோசே ஆபிரேயுவின் பேட்டிங் சராசரி .100-ஐ (பத்துக்கு ஒரு ஹிட்) ஒட்டி நிற்கிறது. வயிறு எரிகிறது. இன்னும் நம்பலாமா?

பிட்சிங்பிரியன்:
ஹேடரை மட்டும் சொல்லிப் பயனில்லை. நம் மற்ற பந்துவீச்சாளர்களைப் பாருங்கள்: வெர்லாண்டர் தோள் பிரச்சினையால் தாமதமாக வந்தார், வால்டெஸுக்கு முழங்கை வலி, கார்சியாவும் மெக்கலர்ஸும் அறுவை சிகிச்சைக்குப் பிறகு இன்னும் தேறி வருகிறார்கள். ஆட்டத்தைத் தொடங்கும் பந்துவீச்சாளர்களான ஸ்டார்ட்டர்கள் சீக்கிரம் வெளியேறினால், அவர்களுக்குப் பின் வரும் மாற்றுப் பந்துவீச்சாளர்கள் (புல்பென்) தினமும் உழைக்க வேண்டும், அப்புறம் களைப்பு தெரியாதா? ஸ்டார்ட்டர் பிளாங்கோதான் ஒரே ஆறுதல்: ஏப்ரல் 1 அன்று டொராண்டோவுக்கு எதிராக நோ-ஹிட்டர் (எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காத ஆட்டம்), சீசனின் முதல் வெற்றியும் அதுதான்.

இடதுகளம்:
2019-இல் வாஷிங்டன் நேஷனல்ஸ் அணி 19 வெற்றி 31 தோல்வி என்று கிடந்தார்கள். அதே வருடம் உலகத் தொடரில் நம்மையே தோற்கடித்தார்கள், நான்கு வெற்றியும் ஹூஸ்டனில். இன்னும் 136 ஆட்டம் இருக்கிறது.

ஆரஞ்சுத்தொப்பி:
அதை ஞாபகப்படுத்தாதீர்கள், இன்னும் வலிக்கிறது. சரி, சனி ஞாயிறு மெக்சிகோ சிட்டியில் கொலராடோ ராக்கீஸ் அணியுடன் ஆட்டம், அந்த உயரத்தில் பந்து பறக்கும். நம் பேட்டர்கள் அல்வாரெஸும் டக்கரும் அங்கே அடித்தே ஆக வேண்டும்.