கிரேட், சில்லு, மீட்டர்: சப்ளையரோடு போட்ட கூட்டு எங்கே பிசகியது?

(கழிவையும் உமிழ்வையும் குறைக்க சப்ளையரோடு கைகோத்த தொழிற்சாலைகளின் அனுபவம். நால்வர் பதிவு; ஒவ்வொன்றின் தலைப்பும் எழுதியவரின் புனைபெயர்.)

கிடங்குக் கணக்கு:
அட்டைப்பெட்டியை நிறுத்திவிட்டு மடக்கு பிளாஸ்டிக் கிரேட்டுக்கு மாறிய ஓர் உற்பத்தி லைன். நாளுக்கு 1,200 பாகம், கிரேட்டுக்கு 20, ஆக 60 கிரேட். சப்ளையரிடம் 2 நாள், வழியில் 1, லைன் பக்கம் 2, காலியாகத் திரும்ப 1. ஆறு நாள் சுற்றுக்கு 360. கூட 20 சேர்த்து 380 வாங்கினார்கள். காலி கிரேட் முழு லோடு சேரும்வரை 3 நாள் கிடக்கும், எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவ 1 நாள் பிடிக்கும் என்பது ஒருவர் கணக்கிலும் வரவில்லை. நிஜச் சுற்று 10 நாள், தேவை 600. ஏழாவது நாளே சப்ளையரிடம் கிரேட் தீர்ந்து, சரக்கு மறுபடி அட்டையில் வந்திறங்கியது. அதே நேரம் லைன் ஓரத்தில் எட்டு கிரேட் நிறையப் போல்ட்டும் பழைய கையுறையும் கிடந்தன. அந்த எட்டு கிரேட்தான் இன்னும் உறுத்துகிறது.

சில்லு:
கிரேட்டாவது எண்ணிப் பார்க்கலாம். எந்திரத்தில் கடையும்போது உதிரும் அலுமினியச் சில்லை உருக்காலைக்கே திருப்பி அனுப்பும் ஏற்பாட்டில் தப்பு கண்ணுக்கே தெரியாது. பழைய அலுமினியத்தை உருக்க, தாதுவிலிருந்து எடுப்பதைவிட ஏறக்குறைய 95% குறைந்த மின்சக்தி போதும். கூட்டின் ஆதாயமே அதுதான். ஆனால் 6061, 7075 என்று அலுமினியக் கலப்புலோகங்கள் பல: 6061-இல் துத்தநாகம் 0.25%-ஐத் தாண்டக்கூடாது, 7075-இல் 5.1 முதல் 6.1% வரை இருக்கும். 1,000 கிலோ 6061 சில்லில் 50 கிலோ 7075 விழுந்தாலே மொத்தமும் வரம்பைத் தாண்டக்கூடும். இரண்டும் ஒரே வெள்ளி நிறம். ஷிப்ட் மாறும்போது தொட்டியை மாற்றாமல் விட்டதை, உலோகக் கலவையை அளக்கும் எக்ஸ்ரே துப்பாக்கியில் துத்தநாக அளவு ஏறியபோதுதான் கண்டார்கள். லோடு முழுக்கத் தரம் தாழ்த்தி எடுக்கப்பட்டது. கடையும்போது சூடு தணிக்க ஊற்றும் கூலன்ட் சொட்டச் சொட்ட அனுப்புவது இன்னும் மோசம்: உருகிய உலோகத்தில் ஈரம் பட்டால் வெடிக்கும். சுழற்றிப் பிழியாமல் ஒரு தொட்டிகூட வண்டி ஏறக்கூடாது.

ஷெட்யூல்:
கிடங்குக் கணக்கின் பதிவோடு ஒத்துப்போக முடியவில்லை. ஆர்டர் அளவு அடிக்கடி மாறி ஷெட்யூல் ஆடினால் 600 கிரேட்டும் போதாது. ஓரிடத்தில் மாலை ஆர்டர் இரட்டிப்பாகி, லாரி பாதி லோடோடு ஒரே இரவில் இரண்டு நடை அடித்தது. அட்டையில் மிச்சம் பிடித்ததெல்லாம் டீசலில் போனது.

செய்ய வேண்டியது இது. அடுத்த இரண்டு வார ஆர்டரை மாற்றுவதில்லை என்று இருபக்கமும் எழுதிக்கொள்ளுங்கள். கிரேட் யார் சொத்து, தொலைந்தால் யார் தலையில், கழுவுவது யார் பொறுப்பு, மூன்றும் ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும். கிரேட்டுக்கு எண் ஒட்டி, சரக்கை இறக்கும்போதும் காலியை ஏற்றும்போதும் ஸ்கேன் செய்யுங்கள். இருப்பை வாரம் ஒருமுறை ஒத்துப் பாருங்கள். மாதக் கடைசிவரை விட்டால் எங்கே தொலைந்தது என்று இருவருக்கும் தெரியாது. சரக்கு கொண்டுவந்த வண்டியிலேயே காலியும் திரும்பட்டும், தனி வண்டி வேண்டாம். சில்லுக்கும் இதே கதைதான்: கலப்புலோகத்துக்கு ஒரு நிறத் தொட்டி, தொட்டிக்கு ஒரு பூட்டு.

மீட்டர்:
இதெல்லாம் சரியாக நடந்தாலும் உமிழ்வுக் கணக்கில் ஏறாமல் போகலாம். நிறுவனத்துக்கு வெளியே, சப்ளையர் முதல் வாடிக்கையாளர் வரை நடக்கும் கார்பன் உமிழ்வுதான் ஸ்கோப் 3. அதன் 15 பிரிவுகளில் முதலாவது, வாங்கிய பொருள்கள், சேவைகளின் உமிழ்வு. பல நிறுவனங்கள் அதைச் செலவுத் தொகையை வைத்தே போடுகின்றன. கொள்முதல் பிரிவு விலையைக் குறைத்தால் உமிழ்வும் குறைந்ததாகக் காட்டும். சப்ளையரின் உலையில் ஒன்றும் மாறியிருக்காது. அதே சப்ளையர் நல்ல உலை வாங்கி விலையை ஏற்றினால், அவர்தான் குற்றவாளியாகத் தெரிவார். அப்படி ஓர் அட்டவணையில் நன்றாக வேலை செய்த சப்ளையர் சிவப்பு நிறத்தில் நின்றதைப் பார்த்து மனம் கசந்தது. உலைக்குத் தனி மீட்டர், மாதம் உருக்கிய டன், எரிபொருள் ரசீது: இந்த மூன்றையும் சப்ளையரிடம் கேட்டு வாங்குங்கள். கேட்கிறவர்கள் ஆர்டரையும் நீண்ட காலத்துக்குக் கொடுக்க வேண்டும். ஒரு வருட ஒப்பந்தத்தை நம்பி உலையை மாற்ற யாராலும் முடியாது.

கிடங்குக் கணக்கு:
ஷெட்யூல் ஆடியது அங்கே காரணமில்லை, ஆர்டர் ஏழு நாளும் 1,200-தான். காலியை எடுத்துவரும் நாளை ஒருவரும் எழுதிவைக்கவில்லை.